ஒன்பது படி

கவுஸ் பாஷாவின் சட்டைப் பையில் ஒரு வருஷமாக ஒரு துண்டுச் சீட்டு குடியிருந்தது. சட்டை மாறும், சீட்டு மாறாது. காலையில் குளித்து முடித்ததும் பழைய சட்டையிலிருந்து பேனா, மூக்குக் கண்ணாடி, சீட்டு மூன்றையும் எடுத்துப் புதுச் சட்டைக்கு மாற்றிவிட்டுத்தான் கடைக்கு இறங்குவார். சிவப்பு மையில் அதில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "ஒன்பது படி இறங்க வேண்டும். ஏழாவதில் விழுந்துவிட்டேன்."

விஷயம் தெரியாதவர்களுக்கு இது ஏதோ மாடிப்படி வழுக்கிய கதை போலத் தோன்றும். கவுஸ் பாஷாவுக்கு அதைவிட மோசமான கதை.

கள்ளக்குறிச்சியில் மெத்தைக் கடை கவுஸ் பாய் என்றால் தெரியாதவர்கள் கிடையாது. இலவம் பஞ்சு மெத்தை, தலகாணி, கல்யாணச் சீருக்கு ஜோடி மெத்தை என்றால் மூன்று தாலுகா ஜனமும் அவர் கடைக்குத்தான் வரும். ஆனால் கடைக்கு மேலே மாடியில் ஓர் அறை இருப்பதும், அதற்குள் ஆளுயர ஸ்பீக்கர் இரண்டும், தாம்பாளம் அளவு டர்ன்டேபிளும், இரண்டு ஆள் பிடித்துத் தூக்க வேண்டிய ஆம்ப்ளிஃபயரும், அவற்றுக்கு எதிரே ஒரே ஒரு நாற்காலியும் இருப்பதும் வெளியாட்களில் பத்துப் பேருக்குத்தான் தெரியும். விழுப்புரத்துக்கும் கல்வராயன் மலைக்கும் இடையில் சிதறிக் கிடக்கும் அந்தப் பத்துப் பேரோடு கவுஸ் பாஷாவும் சேர்ந்ததுதான் 'ஒலி நண்பர்கள்' என்ற வாட்ஸப் குழு. நோன்பு மாதம் போக, மாதம் ஒரு ஞாயிறு ஒருவர் வீட்டில் கூடுவார்கள். அந்த வீட்டுக்காரர் தன் ஹை-ஃபை செட்டைப் போட்டுக் காட்டுவார். ஒவ்வொருவராக நாற்காலியில் உட்கார்ந்து ஒரே ஒரு பாட்டுக் கேட்க வேண்டும். கேட்கும்போது மற்றவர்கள் இருமக்கூடக் கூடாது. எழுந்ததும் தோன்றியதை ஒரு சீட்டில் எழுதி மடித்து டப்பாவில் போட வேண்டும். கடைசியில் வீட்டுக்காரரே ஒவ்வொன்றாகப் பிரித்து எல்லோர் முன்னாலும் உரக்கப் படிக்க வேண்டும். இந்த விதியைக் கொண்டுவந்தவர் தியாகதுருகம் அறிவுச்செல்வன் சார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். ஓய்வு அவருக்குத்தான், சிவப்புப் பேனாவுக்கு இல்லை.

அவருக்கென்று ஒரு பாட்டு உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் பெரிய உறையில் போட்டு அந்த இசைத்தட்டைக் கையோடு கொண்டுவந்துவிடுவார். அவருக்குப் பயந்து குழுவில் எல்லோருமே அதில் ஒரு பிரதி வாங்கி வைத்திருந்தார்கள். முதல் சரணம் முடிந்து பாடகி நிறுத்தியதும், பாஸ் கிடார் மட்டும் தனியாக மேலிருந்து கீழே ஒன்பது சுரம் இறங்கும். நல்ல செட் என்றால் ஒன்பதும் தனித்தனியாக, ஒருவர் நிதானமாகப் படி இறங்கி வருவதுபோலக் கேட்கும். கவுஸ் பாஷாவின் அறையில் ஆறு வரைக்கும் ஒழுங்காக இறங்கும். ஏழாவதில் காலை வைத்ததும் அறையே 'கும்' என்று குமுறும். எட்டும் ஒன்பதும் அந்தக் குமுறலுக்குள் முங்கிப் போய்விடும். போன வருஷம் தன் வாயாலேயே அந்தச் சீட்டைப் படித்தபோது கூட்டம் மொத்தமும் சிரித்தது. உரக் கடை ராஜதுரை தொடையைத் தட்டிச் சிரித்தார். அது நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

அன்றிலிருந்து மனுஷன் சும்மா இருக்கவில்லை. ஆம்ப்ளிஃபயரை மாற்றினார், ஏழு. கட்டைவிரல் தடிமனுக்கு வயர் வரவழைத்தார், ஏழு. ஸ்பீக்கருக்கு அடியில் கருங்கல் பலகை வைத்தார், அதே ஏழு. "ரூம்ல கோளாறு இருக்கலாம்" என்று இணையத்தில் யாரோ சொன்னதைப் படித்துவிட்டு, ஓர் அங்குல ஃபோம் அட்டையை வாங்கி நாலு சுவரிலும் வரிசையாக ஒட்டினார். பார்க்க ஸ்டுடியோ மாதிரி ஜம்மென்று இருந்தது. ஏழாவது படி மட்டும் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அதோடு 'ரூம் வேலை முடிஞ்சது' என்று ஒரு கோடு போட்டுவிட்டு மறுபடியும் சாமான் பக்கம் திரும்பிவிட்டார். இந்தப் பித்துப் பிடித்தவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு அதுதான்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அவர் மனைவி அத்தியா ஒரு நாள் கணக்கு நோட்டை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"இந்த வருசமும் ஏழுதான்னா இன்னா பண்ணுவீங்க?"

"அதெல்லாம் வந்துரும்."

"வரலன்னா?"

 அவளே சொன்னாள்.

"கீழ குடோன்ல எடம் கம்மி. மழ பேஞ்சா பஞ்சு ஈரமாவுது. மேல அவ்ளோ பெரிய ரூம்ல ஒரு சேரு, ஒரு ஆளு. வரலன்னா சாமான வித்துட்டு அந்த ரூம பஞ்சு குடோனா ஆக்கிடலாம்."

வீம்பில் மனுஷனுக்கு வாய் முந்திக்கொண்டது. "சரி. ஒம்போது வரலன்னா ரூம் உனுக்கு."

அத்தியா எழுந்து போய்ச் சுவர் காலண்டரில் அடுத்து அவர் வீட்டில் கூட்டம் வரும் பிப்ரவரி மாதத்து முதல் ஞாயிற்றைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு வந்தாள். கவுஸ் பாஷாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. நாள் முழுக்க நின்று, பேரம் பேசி, துணி கிழித்து, எல்லோருக்கும் பல்லைக் காட்டிவிட்டு மேலே வந்து கதவைச் சாத்தினால்தான் அவர் அவராக இருப்பார். அந்த ஒரு இடமும் போய்விட்டால் என்ன செய்வது என்று அவருக்கே தெரியவில்லை.

ஜனவரிக் கூட்டம் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அந்தண்டை இருக்கும் மாதன் வீட்டில் நடந்தது. மாதன் குழுவில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சாமையும் தினையும் மரவள்ளியும் போடுகிறவர். முன்பு மலைக் கிராமங்களில் திருவிழாவுக்கு மைக் செட் கட்டியவர் என்பதால் ஆம்ப்ளிஃபயரைத் தானே பூட்டி, தோட்டத்தில் விழுந்த பலா மரத்தை அறுத்து ஸ்பீக்கர் பெட்டியும் தானே செய்திருந்தார். கச்சிராயபாளையம் தாண்டி, வளைவு வளைவாக ஏறி, இரண்டு காரில் எல்லோரும் போய் இறங்கினார்கள். மாதனின் பாட்டு அறை என்பது அவர் வீட்டின் பெரிய அறைதான். அதில் பாதி இடத்தை அந்த வருஷத்துச் சாமை மூட்டைகள் பிடித்துக்கொண்டிருந்தன. மூலைக்கு மூலை கூரை முட்ட அடுக்கியிருந்தார். நாற்காலி ஒன்றுதான் என்பதால் மற்றவர்கள் மூட்டை மேலேயே உட்கார்ந்தார்கள்.

"மாதன், சாம மூட்ட மேல குந்திக்கினு ஹை-ஃபை கேக்கறது இதான் மொத தபா" என்றார் ராஜதுரை. எல்லோரும் சிரித்தார்கள். மாதனும் சிரித்தார்.

பிறகு யாரும் சிரிக்கவில்லை. கவுஸ் பாஷா நாற்காலியில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினார். ஆறு. ஏழு. எட்டு. ஒன்பது. மழமழவென்று, குளித்துத் துடைத்த மாதிரி ஒன்பதும் தனித்தனியாக வந்து நின்றன. அறிவுச்செல்வன் சாரின் சீட்டில் "ஒன்பது. சுத்தம்" என்று இருந்தது. மாதன் அதைப் படிக்கும்போது எல்லோரோடும் சேர்ந்து கவுஸ் பாஷாவும் கை தட்டினார். வயிறு எரிந்தது. இறங்கும்போது கோமுகி அணை வரைக்கும் விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு முடிவுக்கு வந்தார். எல்லாம் அந்தப் பலா மரப் பெட்டியில்தான் இருக்கிறது. மறுநாளே மாதனுக்குப் போன் போட்டார். பத்து நாள் கொடுத்தால் போதும், கேட்டுவிட்டு, அதே மாதிரி செய்துகொள்கிறேன் என்றார்.

"அதுக்கின்னா பாய், எடுத்துக்கினு போங்க" என்றார் மாதன்.

மலைப்பாதை குலுக்கலில் பெட்டிக்குக் கீறல் விழக் கூடாது என்று, இரண்டு புது மெத்தைக்கு நடுவில் வைத்துக் கட்டி இறக்கிக்கொண்டு வந்தார். மாடி அறையில் வைத்துப் பாட்டைப் போட்டார். ஏழாவது படியில் அறை குமுறியது. பெட்டியைத் திருப்பி வைத்தார், தள்ளி வைத்தார், பலகை மேல் ஏற்றினார். பத்து நாளும் குமுறியது. கடைசியில் ஒரு திங்கட்கிழமை, அதே இரண்டு மெத்தைக்கு நடுவில் பெட்டியைக் கட்டிக்கொண்டுபோய் மாதன் வீட்டில் இறக்கினார். இறக்கிவிட்டு, மெத்தையில் மண் படக் கூடாதே என்று சுருட்டி வண்டியில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார். கையிலேயே மருந்தை வைத்துக்கொண்டு நோய்க்கு ஊர் ஊராக அலைந்த மனுஷனைப் பார்க்க வேண்டுமென்றால் அன்று அந்த வண்டியில் பார்த்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை கவுஸ் பாஷா வீட்டில் கூட்டம். வியாழக்கிழமை காலை மாதனிடமிருந்து போன் வந்தது. குரலே சரியில்லை.

"பாய், பொட்டிய இன்னா பண்ணீங்க?"

"இன்னா பண்ணேன்? கேட்டேன், குடுத்துட்டேன்."

"நேத்திக்கு போட்டுப் பாத்தேங்க. அஞ்சாவது படியிலியே ரூமு அதுருது. நீங்க எடுத்துக்கினு போறதுக்கு முன்னாடி எப்பிடி இருந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். உள்ள தொறந்தீங்களா? ஊஃபர எதுனா மாத்திட்டீங்களா?"

கவுஸ் பாஷாவுக்குச் சுரீர் என்றது. "மாதன், நாப்பது வருசமா யாவாரம் பண்றேன். ஒரு தலகாணியில பழைய பஞ்ச வெச்சிக் குடுத்தது கெடையாது. உன் பொட்டியில கை வெப்பனா நானு?"

"நான் திருடிட்டீங்கன்னு சொல்லலிங்க. சத்தம் போயிடுச்சின்றேன். சத்தம் உங்க வூட்டுக்குப் போயிட்டு வந்துதாம் போச்சி."

போனை வைத்துவிட்டார் கவுஸ் பாஷா. ஒரு நிமிஷம்தான். சட்டையை மாட்டினார், பேனா, கண்ணாடி, சீட்டு மூன்றையும் போட்டுக்கொண்டார், வண்டியை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை ஏழு வந்தால் அறை போகும், போகட்டும். ஏமாற்றுக்காரன் என்ற பேரோடு அவரால் ஒரு நாள்கூடக் கடையில் உட்கார முடியாது.

மாதன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். வாங்க என்றார், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. இருவரும் உள்ளே போனார்கள். மாதன் பாட்டைப் போட்டார். நாலு வரைக்கும் சரி. ஐந்தாவதில் அறை 'போங்' என்று ஊளையிட்டது.  நிஜமாகவே நான்தான் ஏதாவது கெடுத்துவிட்டேனா என்று ஒரு கணம் கவுஸ் பாஷாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"தொற" என்றார்.

மாதன் ஸ்க்ரூவைக் கழற்றிப் பெட்டியைத் திறந்தார். பாஸ் சத்தம் தரும் ஊஃபரின் பின்னால் மாதனே பூசிய பச்சைப் பெயின்ட் பொட்டு அப்படியே இருந்தது. வயர் மாறவில்லை, ஒட்டு விடவில்லை, ஒரு கீறல்கூட இல்லை. மாதன் அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எல்லாம் சரியா தாங்க இருக்குது" என்றார் மெதுவாக. "அப்பறம் ஏன்..."

அப்போது மாதனின் மனைவி செங்கம்மாள் இரண்டு டம்ளர் டீயோடு உள்ளே வந்தாள். இவர்கள் இருவரும் பேயறைந்த மாதிரி நிற்பதைப் பார்த்துவிட்டுத் தன் பாட்டுக்குப் பேசினாள்.

"மூட்டய ஏத்தி வுட்டதுல இருந்து இந்த ரூமே ஹோன்னு கெடக்குது. பேசறது ரெண்டு தபா கேக்குது. எனுக்கே உள்ள வர பயமா இருக்குது."

கவுஸ் பாஷா திரும்பினார். தரையில் சதுரம் சதுரமாகத் தூசி படியாத இடங்கள் தெரிந்தன. மூலைகள் நாலும் துடைத்து வைத்த மாதிரி காலி.

"எப்ப ஏத்துனீங்க?"

"செவ்வாக்கெழம. மொத்தமும் போயிடுச்சி. வெதைக்கி மட்டும் எட்டு மூட்ட உள்ரூம்ல வெச்சிருக்குது."

பெட்டி வந்தது திங்கள். மூட்டை போனது செவ்வாய். மாதன் பாட்டுப் போட்டது புதன். இரண்டு ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.  மாதன் விறுவிறுவென்று உள்ளறைக்குப் போனார், பின்னாலேயே கவுஸ் பாஷாவும் போனார். ஐம்பத்திரண்டு வயதில், முட்டி வலியோடு, மாதன் ஒரு முனையும் அவர் ஒரு முனையுமாகப் பிடித்து எட்டு மூட்டையையும் இழுத்துவந்து ஸ்பீக்கருக்குப் பின்னால் இரண்டு மூலையிலும் அடுக்கினார்கள். செங்கம்மாள் டீ டம்ளரோடு ஒதுங்கி நின்று, இதுகளுக்கு என்ன ஆச்சு என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு ஓடியது. ஐந்து சுத்தமாக வந்தது. ஆறு வந்தது. ஏழும் வந்தது. எட்டில்தான் கொஞ்சம் குழம்பியது.

மாதன் மூட்டை மேல் பொத்தென்று உட்கார்ந்தார். "பாய், மன்னிச்சிக்குங்க. வாயில வந்தத பேசிட்டேன். பொட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல. இந்தச் சாமதான் இம்மாம் நாளா சத்தத்த முழுங்கிக்கினு இருந்துச்சி."

கவுஸ் பாஷா அதைக் காதில் வாங்கவே இல்லை. மூட்டையைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"மாதன், நான் இன்னா யாவாரம் பண்றேன்?"

"மெத்த யாவாரம்."

"மெத்தைக்குள்ள இன்னா இருக்குது?"

"பஞ்சு..." என்று இழுத்த மாதன் பாதியில் நிறுத்தினார். கவுஸ் பாஷா தலையில் அடித்துக்கொண்டார். ஒரு தரம் இல்லை, மூன்று தரம்.

"ஒரு இஞ்சு ஃபோம ஒட்டிட்டு ரூம் வேல முடிஞ்சதுன்னு வுட்டுட்டேன்யா. கீழ குடோன் நெறைய எலவம் பஞ்ச வெச்சிக்கினு, மேல குந்திக்கினு வயர மாத்திக்கினு இருந்திருக்கேன் ஒரு வருசமா."

மாதன் முதலில் சிரித்தார். அப்புறம் கவுஸ் பாஷா சிரித்தார். அந்தக் காலி அறையில் அவர்கள் சிரித்த சிரிப்பு இரண்டு மடங்காகக் கேட்டது.

திரும்பும் வழியில் முதல் வளைவிலேயே வண்டியை ஓரம் கட்டிவிட்டு அத்தியாவுக்குப் போன் போட்டார். "குடோன்ல இருக்கற பஞ்சு மொத்தத்தையும் மேல ரூமுக்கு ஏத்தச் சொல்லு. பஞ்சு அடிக்கற பூமாலய கூப்புடு. இப்பவே."

 அத்தியா ரொம்ப மெதுவாகக் கேட்டாள். "ஏங்க, ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம் இருக்குதே. அதுக்குள்ள ஏன் வுட்டுக் குடுக்கறீங்க?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் சிக்னல் போய்விட்டது. மலையில் அதற்கென்று நேரம் காலம் கிடையாது.

வீட்டுக்கு வந்து மாடி ஏறினால், அறையின் இரண்டு மூலையிலும் பஞ்சுப் பொதி கூரை வரை ஏறியிருந்தது. அத்தியா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் சிவந்திருந்தது. "சாமான விக்க வேணாங்க" என்றாள். "நான் சும்மா தாங்க சொன்னேன். குடோனுக்கு வேற எடம் பாத்துக்கலாம். இந்த ரூம் இல்லாங்காட்டி நீங்க நீங்களா இருக்க மாட்டீங்க."

முப்பது வருஷம் கூட வாழ்ந்தவள் இதை ஒரு நாளும் சொன்னதில்லை.  கவுஸ் பாஷா மூட்டைக் கதையைச் சொல்ல, அவள் கேட்டுவிட்டு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் பஞ்சு அடிக்கும் பூமாலையும் சேர்ந்துகொண்டாள்.

ஆனால் பொதியை அடுக்கிப் பாட்டைப் போட்டால் ஏழுதான் கொஞ்சம் தெளிந்தது, எட்டு இன்னும் முங்கித்தான் கிடந்தது. கவுஸ் பாஷாவின் முகம் தொங்கிவிட்டது. பூமாலைதான் பொதியை விரலால் குத்திப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"இது அமுக்குன பஞ்சு பாய். கல்லாட்டம் கெடக்குது. இதுல தல வெச்சாவே தூக்கம் வராது, சத்தம் எங்க தூங்கும்? அடிச்சித் தாங்க போடணும்."

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வந்ததிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் வரை கடையில் யாவாரமே நடக்கவில்லை. பூமாலை பஞ்சை அடித்து அடித்து மேகம் மாதிரி ஆக்க, அத்தியா கோடு போட்ட துணியில் உறை தைக்க, கவுஸ் பாஷா அடைக்க, அமுக்கித் தையல் போடாத பொசபொச மெத்தைகள் ஒன்றின் மேல் ஒன்றாக நாலு மூலையிலும் கூரை வரை ஏறின. முதலில் தயாரான பத்து மெத்தையை மலைக்குப் போகும் வண்டியில் மாதனுக்கு ஏற்றிவிட்டார். சுவரில் ஒட்டியிருந்த ஃபோமைப் பிய்த்துக் கடாசினார். சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து எண்ணினார். ஒன்பது என்றுதான் பட்டது. ஆனால் ஒரு வருஷம் ஏங்கிய காதை எப்படி நம்புவது? மறுபடி எண்ணாமல் எழுந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்துப் பேரும் வந்தார்கள். கதவைத் திறந்ததும் ராஜதுரை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"பாய், பாட்டு கேக்க வரச் சொன்னீங்களா, படுக்க வரச் சொன்னீங்களா?"

அறையே அதிர்கிற மாதிரி எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அறை அதிரவில்லை. அதை மாதன் ஒருவர்தான் கவனித்தார். அவர் கவுஸ் பாஷாவின் காதருகே குனிந்து, "மெத்த வந்துதுங்க. நேத்தே அடுக்கிட்டேன். எனுக்கு ஒம்போதும் வந்துடுச்சி" என்றார்.

அறிவுச்செல்வன் சார் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக நாலு மூலையையும் பார்த்தார். "கடையில எடம் பத்தலியா பாய்?" என்று மட்டும் கேட்டார்.

"ஒக்காருங்க சார்" என்றார் கவுஸ் பாஷா.

சார் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். கவுஸ் பாஷா ஊசியை வைத்தார். பாடகி வந்தாள். போன வருஷம் ஸ்பீக்கருக்குள் நின்று பாடியவள், இந்த வருஷம் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், யாருமே இல்லாத இடத்தில் வந்து நின்று பாடினாள். சரணம் முடிந்தது. கிடார் இறங்கத் தொடங்கியது. கவுஸ் பாஷா பாட்டைக் கேட்கவில்லை, சாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் புருவம்கூட அசையவில்லை. பாட்டு முடிந்ததும் சார் எழுந்தார், நிதானமாக ஜன்னல் பக்கம் போய்ச் சிவப்புப் பேனாவைத் திறந்தார், எழுதினார், மடித்தார், டப்பாவில் போட்டார். மற்றவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்து எழுந்தார்கள். ராஜதுரை எழுந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

டப்பா திறந்தார்கள். கவுஸ் பாஷா நின்றுகொண்டு படித்தார். "நல்லா இருக்கு." "போன வருஷம் கேட்ட வீடு இதுதானா?" "மெத்தையைப் பார்த்துச் சிரித்தவன் நான்தான், மன்னிக்கவும்." அது ராஜதுரை கையெழுத்து. ஒவ்வொன்றாகத் தீர்ந்து கடைசியில் சிவப்பு மைச் சீட்டு வந்தது. வாசலில் பிரியாணிச் சட்டியோடு அத்தியா வந்து நின்றிருந்தாள். கவுஸ் பாஷா பிரித்தார். 

"இலவம் பஞ்சு மெத்தை. அமுக்காதது, தையல் போடாதது. ஆறடி. எட்டு எண்ணம். தியாகதுருகத்துக்கு அனுப்பவும். நோன்புக்கு முன் கிடைத்தால் நலம்."

ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. அப்புறம் எல்லோரும் ஓவென்று சிரித்தார்கள். கவுஸ் பாஷாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வருஷம் அந்த ஒரு எண்ணுக்காகக் காத்திருந்த மனுஷன்.

"சார், எத்தினி படின்னு எழுதலியே?"

"பின்னாடி திருப்புங்க பாய்" என்றார் சார். "இந்தத் தபா மார்க்க பின்பக்கம் போட்டிருக்கேன்."

திருப்பினார். இந்த முறை அவரால் உரக்கப் படிக்க முடியவில்லை. மாதன்தான் வாங்கிப் படித்தார்.

"ஒன்பது. ஒன்பதாவது படி முடிந்ததும் அந்த அம்மாள் மூச்சு வாங்குகிறாள். முப்பது வருஷமாக இந்தப் பாட்டைக் கேட்கிறேன். அந்த மூச்சை இன்றைக்குத்தான் கேட்டேன்."

யாரோ கை தட்ட ஆரம்பித்தார்கள். அது மூலைகளில் முட்டித் திரும்பாமல், தட்டிய இடத்திலேயே சுத்தமாகக் கேட்டது. கவுஸ் பாஷா சட்டைப் பையிலிருந்து பழைய சீட்டை எடுத்தார். ஓரமெல்லாம் நைந்து, மடித்த இடம் கிழிந்திருந்தது. அதை அருகில் இருந்த மெத்தை உறைக்குள் பஞ்சோடு பஞ்சாகத் திணித்துவிட்டுப் புதுச் சீட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அழுகிறோமே என்ற வெட்கம்கூட அவருக்கு வரவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று அவர் மனசு சத்தமாகவே சொல்லிக்கொண்டிருந்தது.

அத்தியா பிரியாணிச் சட்டியை ராஜதுரை கையில் கொடுத்துவிட்டு நேராக உள்ளே வந்தாள். நாலு மூலையையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"இந்த ரூம பஞ்சு குடோனா ஆக்கறதுன்னுதானே பேச்சு? ஆயிடுச்சி. அப்ப ரூம் எனுதுதான்" என்றாள். "நவுருங்க, நான் ஒக்காரணும்."

பத்தொன்பது வருஷம் முன்பு அந்த அறை கட்டியதிலிருந்து அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. உட்கார்ந்து, முந்தானையைச் சரி செய்துகொண்டு, எண்ணுவதற்கு விரலைத் தயாராக மடக்கி வைத்துக்கொண்டாள்.

"உம், போடுங்க. எத்தினின்னு நானும் பாக்கறேன்."

பதினோரு ஒலி நண்பர்களும் மூச்சுவிடாமல் நின்றார்கள். கவுஸ் பாஷா பாட்டை முதலிலிருந்து போட்டார்.